முதல் திருமணத்தைப் படமெடுக்கப் போகிறீர்களா? நான் தாமதமாகக் கற்ற பாடங்கள், படிப்படியாக

நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் திருமணத்திலிருந்து 2,300 படங்களோடு வீடு திரும்பினேன். மணப்பெண்ணின் கண்ணோரத்து ஈரம், பக்கவாட்டில் விழுந்த சன்னல் வெளிச்சம், பின்னணி கரைந்துபோன முகங்கள் என்று பார்க்கப் பார்க்க எனக்கே பூரிப்பாக இருந்தது. படங்களைக் கொடுத்த இரண்டாம் நாள் மணப்பெண் அழைத்தார். குரலில் கோபமே இல்லை. "எங்க அண்ணன் ஒரு படத்துலகூட இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

மொத்தப் படங்களையும் திரும்ப அலசினேன். அந்த அண்ணன்தான் வண்டிகளை ஏற்பாடு செய்தவர், விருந்தினரை உட்கார வைத்தவர், காணாமல்போன பையைத் தேடிக் கொடுத்தவர். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்ததால் குரூப் போட்டோ எடுத்த நேரத்தில் அவர் அங்கே இல்லை. மூன்று படங்களில் முதுகு மட்டும் தெரிந்தது. ஒன்றில் பாதித் தோள்.

இந்தத் தொழிலில் எதற்கு அடுத்து எது என்பது அந்த அழைப்புக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. எடுக்க வேண்டியவர்களையும் எடுக்க வேண்டிய தருணங்களையும் எடுத்திருக்க வேண்டும், அது முதலாவது. எடுத்தது தொலையக் கூடாது, அது இரண்டாவது. அழகு மூன்றாவதாகத்தான் வருகிறது. புதிதாக வரும் நாம் எல்லோரும் மூன்றாவதில் தொடங்குகிறோம். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த வரிசையை மனதில் வைத்து எழுதியவை.

படி 1: முதலில் இன்னொருவருக்கு உதவியாளராகப் போங்கள்

குறைந்தது ஐந்தாறு திருமணங்களுக்காவது அனுபவமுள்ள ஒருவரின் இரண்டாவது கேமராவாகப் போய்விட்டு வாருங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் போங்கள். அங்கே பொறுப்பு அவருடையது, கற்றல் உங்களுடையது.

போனால் எதைக் கவனிப்பது? நான் தொடக்கத்தில் அவர் எந்த லென்ஸ் மாட்டுகிறார், என்ன செட்டிங் வைக்கிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பயனுள்ளது, ஒரு நிகழ்வு தொடங்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு அவர் எங்கே போய் நிற்கிறார் என்பது. கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் தன் இடத்தைப் பிடித்திருப்பார். பெரியவர்களிடம் எந்தக் குரலில் "கொஞ்சம் இப்படி வாங்க" என்று சொல்கிறார், வீடியோ எடுப்பவரோடு எப்படி இடத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார் என்பதையும் பாருங்கள். இவற்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அவர் பொறுப்பேற்ற திருமணத்தில் நீங்கள் எடுத்த படங்களை உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தில் போடலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்காமல் போட்டு உறவு முறிந்த கதைகள் நிறைய உண்டு.

படி 2: ஒவ்வொன்றிலும் இரண்டு

கேமரா இரண்டு, ஃப்ளாஷ் இரண்டு, சார்ஜர் இரண்டு. திருமணம் திரும்ப நடக்காது என்பதால் கெட்டுப்போகக்கூடிய எந்தப் பொருளும் ஒற்றையாக இருக்கக் கூடாது. இரண்டாவது கேமரா வாங்கக் காசில்லை என்றால் அந்த நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். நான் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஆனால் வாடகைக் கேமராவை ஒருநாள் முன்னதாகவே வாங்கி, அதன் பொத்தான்களைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

கேமரா வாங்கும்போது மற்ற வசதிகளைவிட ஒன்றை முக்கியமாகப் பாருங்கள்: இரண்டு மெமரி கார்டு போடும் வசதி. ஒரே படம் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு கார்டு செத்தாலும் திருமணம் சாகாது.

லென்ஸ் விஷயத்தில் கடன் வாங்கி அலமாரியை நிரப்ப வேண்டாம். எஃப் 2.8 திறப்புள்ள 24-70 மி.மீ. ஜூம் ஒன்றும், எஃப் 1.8 திறப்புள்ள 85 மி.மீ. ஒன்றும் இருந்தால் ஒரு திருமணத்தை முழுதாக எடுத்துவிடலாம். (மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் உள்ளது கிட்டத் தெரியும். எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழையும் திறப்பு பெரிதாகும்.) 35 மி.மீ., 85 மி.மீ. என்ற இரண்டே லென்ஸ்களை இரண்டு கேமராவில் மாட்டிக்கொண்டு, மாற்றவே மாற்றாமல் நாள் முழுக்க எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சடங்கு நடக்கும் இடத்துக்குக் கிட்டே போக முடியாது என்றால்தான் 70-200 மி.மீ. அவசியம், அதையும் வாடகைக்கு எடுக்கலாம்.

சின்னதாகத் தோன்றும் ஒரு வேலை: நாள் தொடங்கும் முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக்குங்கள். ஒரு திருமணத்தில் என் கேமராக்களுக்கு இடையே 47 நிமிட வித்தியாசம் இருந்தது. கணினியில் நேரப்படி அடுக்கியபோது, மணமக்கள் மேடைக்கு வருவதற்கு முன்பே வாழ்த்துப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் கைப்பேசியின் கடிகாரத்தை இரண்டு கேமராவிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். வித்தியாசம் இருந்தாலும் எத்தனை நொடி என்று தெரிந்துவிடும், எடிட்டிங் மென்பொருளில் மொத்தமாகத் திருத்திவிடலாம்.

படி 3: எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

தெரிந்தவர்தானே, நண்பரின் தங்கைதானே என்று வாய்ப்பேச்சில் விட்டால் பின்னால் மனக்கசப்பு அங்கேதான் முளைக்கும். ஒரு பக்கம் போதும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை பேர் வருவோம், திருத்திய படங்கள் தோராயமாக எத்தனை, எத்தனை வாரத்தில் தருவோம், ஆல்பம் சேர்த்தியா தனியா, அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது, தேதி தள்ளிப்போனால் என்ன, எனக்கே உடம்பு முடியாமல் போனால் யார் வருவார் என்பதையெல்லாம் எழுதுங்கள். திருத்தாத மூலப் படங்களைக் கொடுப்பீர்களா மாட்டீர்களா என்பதையும் சேருங்கள், அந்தக் கேள்வி கட்டாயம் வரும். நீங்கள் உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம் வேண்டும் என்பதைக்கூட எழுதலாம். பத்து மணி நேரம் நின்றபடி வேலை செய்பவருக்குக் கை நடுங்கினால் படமும் நடுங்கும்.

மீதித் தொகையைத் திருமண நாளுக்கு முன்பே முடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நிம்மதி. விழா முடிந்த களைப்பில் பணம் கேட்பதும் கொடுப்பதும் யாருக்கும் பிடிக்காது.

படி 4: இடத்தை அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

காலை 10 மணிக்கு நடக்கும் சடங்குக்கு மாலை 5 மணிக்குப் போய் இடம் பார்த்துவிட்டு வந்தால் பாதிப் பயன்தான். எந்தச் சன்னலிலிருந்து வெளிச்சம் வருகிறது, மணமக்களின் முதுகுக்குப் பின்னால் வெயில் அடிக்கிறதா, கூரை என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று அதே நேரத்தில் பாருங்கள். விளக்குகளை எல்லாம் போடச் சொல்லிச் சில படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கான காரணத்தைப் படி 6-இல் சொல்கிறேன்.

சடங்கை நடத்துபவரையும் ஒருமுறை பார்த்துப் பேசுங்கள். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது, ஃப்ளாஷ் போடலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டால் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் "தள்ளி நில்லுங்க" என்று அவர் சொல்லக் கேட்க வேண்டியிராது.

படி 5: மனிதர்களின் பட்டியல்

வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான் என்று நினைக்கிறேன். கேமரா பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், இதைப் பற்றி எழுதுவோர் குறைவு.

திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பு மணமக்களோடு உட்கார்ந்து நான்கு கேள்விகள் கேளுங்கள். யார் யாரோடு குரூப் போட்டோ வேண்டும்? யாருக்கு வயதாகிவிட்டது, யாருக்கு உடல்நிலை சரியில்லை? யாரை யார் பக்கத்தில் நிற்க வைக்கக் கூடாது? அன்றைக்கு ஓடியாடி வேலை பார்க்கப்போவது யார்?

மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும். பிரிந்துவிட்ட பெற்றோரை "இன்னும் நெருங்கி நில்லுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் மாறியதை இன்னமும் மறக்க முடியவில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் எல்லோர் முகத்திலும் அந்த இறுக்கம் இருக்கிறது. அண்மையில் வீட்டில் யாராவது இறந்திருந்தால் அதையும் தெரிந்துகொள்ளுங்கள். "அப்பா எங்கே, கூப்பிடுங்க" என்று ஒரு சொல் தவறி வந்தால் அந்த நாள் திரும்பாது.

நான்காவது கேள்வி என் முதல் திருமணம் கொடுத்தது. வேலை பார்ப்பவர்கள் எந்தக் குரூப்பிலும் இருக்க மாட்டார்கள், நாமாகத் தேடிப் போனால்தான் உண்டு. அவர்களின் பெயரைக் கேட்டு வாங்கி, கூட்டம் சேர்வதற்கு முன், காலையிலேயே மணமக்களோடு நிற்க வைத்து எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

குரூப் போட்டோவுக்கு ஒரு குழுவுக்கு மூன்று நிமிடம் என்று கணக்கு வையுங்கள். பத்துக் குழு என்றால் அரை மணி. 25 குழு கேட்டால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்களே பட்டியலைச் சுருக்கிவிடுவார்கள். எல்லோர் முகமும் தெரிந்த, குரல் உரத்த உறவினர் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கும் பொறுப்பில் வையுங்கள். பெரிய குழுவில் தொடங்கிச் சிறியதாக்கிக்கொண்டே வாருங்கள். முதியவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் உள்ள குழுக்களை முதலில் முடியுங்கள்.

குரூப்பில் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். இதை ஆஸ்திரேலியாவில் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இருவர் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். 2006-இல் அவர்களுக்குக் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. நமக்குத் தேவையான எளிய விதி: 20 பேருக்குக் குறைவான குழு என்றால் தலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், அத்தனை படம் எடுங்கள். வெளிச்சம் குறைவு என்றால் இரண்டால் வகுங்கள். 12 பேருக்கு நல்ல வெளிச்சத்தில் 4 படம், மங்கலில் 6. இந்தக் கணக்கு தெரிவதற்கு முன் நான் இரண்டோடு நிறுத்திவிடுவேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று வரிசையாக நின்றால் திறப்பை எஃப் 5.6 அல்லது 8-க்குக் கொண்டுபோங்கள். எஃப் 1.8-இல் முன்வரிசை துல்லியமாகவும் பின்வரிசை கலங்கலாகவும் வந்துவிடும். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியாது.

படி 6: வெளிச்சத்தோடு மல்லுக்கட்டுவது

ரா வடிவத்தில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுங்கள். சுருக்கி வைக்கும் வழக்கமான பட வடிவமான ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளைத்தான் வைத்துக்கொள்கிறது. 14 பிட் ரா 16,384 படிநிலைகளை வைத்துக்கொள்கிறது. இருட்டாகிவிட்ட முகத்தைப் பிறகு மேலே தூக்க முடிவது இதனால்தான். ஆனால் வெளிர்நிற உடையில் வெளிச்சம் அதிகமாகி நெசவே தெரியாமல் வெளுத்துவிட்டால் ராவாலும் மீட்க முடியாது. சந்தேகம் வந்தால் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள்.

ஷட்டர் வேகத்தில், அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தில், தொடக்கக்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள். நாய்ஸ் என்று நாம் பயப்படும் புள்ளிப்புள்ளியான படத்தைக் குடும்பத்தினர் கவனிப்பதே இல்லை, ஆட்டம் கண்ட படத்தை ஒருவரும் ஏற்பதில்லை. ஒளியைக் கேமரா எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 3200, 6400 என்று ஏற்றத் தயங்காதீர்கள். நின்று பேசுபவருக்கு 1/125, நடந்து வருபவருக்கு 1/250, ஆடுபவருக்கு 1/500 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இப்போது அந்த விளக்கு விஷயம். மண்டபத்து எல்.இ.டி., குழல் விளக்குகள் பலவும் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை, 60 ஹெர்ட்ஸில் 120 தடவை. ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும், அல்லது அடுத்தடுத்த படங்களின் நிறம் மாறி மாறி வரும். அப்படி வந்தால் முதல் வகை மின்சாரத்தில் 1/100-க்கும் இரண்டாவதில் 1/125-க்கும் இறங்குங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை இன்னும் மோசம், உடனே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். அலங்கார விளக்குகள் சில வேறு வேகத்தில் துடிக்கும், அதனால்தான் முன்கூட்டியே விளக்கைப் போட்டு எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

ஃப்ளாஷை நேராக முகத்தில் அடிக்காமல் கூரையிலோ பக்கத்துச் சுவரிலோ அடித்துத் திருப்புங்கள். கூரை வெள்ளையாகவும் எட்டும் உயரத்திலும் இருந்தால் சன்னல் வெளிச்சம்போல மென்மையாக விழும். மரக்கூரை என்றால் முகமெல்லாம் ஆரஞ்சாகும். கூரை மிக உயரம் என்றால் ஒளி போய்ச் சேராது: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அறை மஞ்சள் விளக்காக இருந்தால் ஃப்ளாஷ் முன்னால் ஆரஞ்சு ஜெல் தாள் ஒன்றை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் முகம் நீலமாகவும் பின்னணி மஞ்சளாகவும் பிரிந்துபோகும், அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும் வதை.

ஊதா, நீல மேடை விளக்குகள் முகத்தில் விழுந்த படங்களை நிறத்தோடு காப்பாற்ற முயன்று இரவுகளை வீணாக்காதீர்கள். கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். ஆட்டப்பாட்டத்தில் லேசர் விளக்கு சுழன்றால் கேமராவை அதன் பக்கம் திருப்பவே வேண்டாம், சென்சாரில் நிரந்தரமாகக் கோடு விழுந்துவிடலாம்.

படி 7: தருணத்துக்கு முன்பே அங்கே இருப்பது

1996 செப்டம்பரில் அமெரிக்காவின் கம்பர்லாந்துத் தீவில் முன்னாள் அதிபர் ஜான் எஃப். கென்னடியின் மகனுக்குத் திருமணம் நடந்தது. மணமக்கள் சின்ன மரத் தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது மணமகன் மனைவியின் கையை எடுத்து முத்தமிட்டார். டெனிஸ் ரெஜி எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. ஏறக்குறைய இருட்டிவிட்ட நேரம், யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே, அவர்களுக்கு முன்னால், கேமராவோடு ஒருவர் தயாராக இருந்ததால் அந்தப் படம் கிடைத்தது.

கேண்டிட், அதாவது யாரையும் நிற்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பது, அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தைப் பாருங்கள். ஒரு சடங்கு முடிந்ததும் மனிதர்கள் மூச்சு விடுவார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அழுகையோ சிரிப்போ அப்போதுதான் வரும். அந்தச் சமயத்தில் நாம் கேமராவைக் கீழே இறக்கி எடுத்த படத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்போம். திரையைப் பார்க்கும் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு ஓராண்டு ஆனது. முக்கியத் தருணம் முடிந்த பிறகு இன்னும் பத்து நொடி கண்ணிலிருந்து கேமராவை எடுக்காதீர்கள். எல்லோரும் மணமக்களைப் பார்க்கும்போது ஒருமுறை பெற்றோர் பக்கம் திரும்புங்கள்.

படி 8: அன்று இரவே

திருமண நாளில் கேமராவில் எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். களைத்த விரல் தவறான பொத்தானை அழுத்தும். நிறைந்த கார்டுகளைப் பையில் போடாமல் உடம்போடு ஒட்டிய ஜிப் பாக்கெட்டில் வையுங்கள். பை திருடு போகலாம், காரிலேயே கிடக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு தூக்கமாக இருந்தாலும், படங்களைக் கணினிக்கும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கும் ஏற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறோர் இடத்தில் என்பது பழைய விதி. வேறிடம் என்பது கிளவுடாகவோ நண்பர் வீட்டில் வைத்த டிஸ்க்காகவோ இருக்கலாம். 2,500 ரா படம், ஒன்று 30 எம்.பி. என்றாலே 75 ஜி.பி. ஆகிவிடும் என்பதால் இடத்தை முன்பே காலி செய்து வையுங்கள். மூன்று பிரதியும் திறந்து பார்த்துச் சரி என்றால்தான் கார்டை ஃபார்மேட் செய்யலாம். அதற்குக் குறைந்தது ஒரு வாரமாவது பொறுங்கள்.

தவறி ஃபார்மேட் செய்துவிட்டால் அந்தக் கார்டில் ஒரு படம்கூட மேற்கொண்டு எடுக்காதீர்கள், வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். பெரும்பாலும் ஃபார்மேட் செய்யும்போது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும்தான் அழிகிறது. மேலே புதிதாக எதுவும் பதியாத வரை மீட்பு மென்பொருளால் எடுத்துவிட வாய்ப்பு அதிகம்.

படி 9: தேர்ந்தெடுப்பது, திருத்துவது, கொடுப்பது

வேண்டாததைக் கழிப்பதைவிட வேண்டியதை மட்டும் பொறுக்குவது வேகமான வழி. 2,500 படங்களிலிருந்து 500 முதல் 700 வரை போதும். ஒரே சிரிப்பின் எட்டுப் படங்களைக் கொடுத்தால் எட்டும் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஒருவரின் ஒரே படம் கொஞ்சம் கலங்கியிருந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அவர் அந்தக் குடும்பத்துக்கு யார் என்று நமக்குத் தெரியாது.

திருத்தும்போது தோலின் நிறத்தை முதலில் சரிசெய்யுங்கள். உள்ளபடியான நிறமாக இருக்க வேண்டும். கேட்காமல் யாரையும் வெளுப்பாக்காதீர்கள், அது அவர்களின் முகம். மறையப்போகும் பருவைத் துடைக்கலாம், மச்சத்தைத் துடைக்கக் கூடாது.

இரண்டு மூன்று நாளில் 20 படங்களை முன்னோட்டமாக அனுப்பிவிட்டால் மீதிக்கு அவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். நாள் தள்ளிப்போகும் என்று தெரிந்தால் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். படங்களை வெளியில் போடுவதற்கு மணமக்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், குழந்தைகளின் படம் என்றால் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள்.

குறை சொல்லி அழைப்பு வந்தால் விளக்கம் சொல்லாமல் முதலில் முழுதாகக் கேளுங்கள். அந்த அண்ணனுக்காக நான் மறுவாரமே கேமராவை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணனும் தங்கையும் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தார்கள், ஒரு மணி நேரம் எடுத்தேன். அது திருமண நாளின் படம் ஆகாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.